கரண்ட் வேண்டாத தறி

போளூரில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் திருவண்ணாமலை. அந்த ஊரில் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த வினிஷா உமாசங்கர், 2021 நவம்பரில் கிளாஸ்கோவில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாட்டில் உலகத் தலைவர்கள் முன்னால் பேசினார். அப்போது அவருக்குப் பதினைந்து வயது. தெருவோர இஸ்திரி வண்டிக்காரர் கரியைக் கொட்டி ஆறவைப்பதைப் பார்த்துப் பார்த்து, அந்த வண்டியின் கூரைமேல் சோலார் தகடு வைத்தால் என்ன என்று யோசித்த பெண். ஐந்து மணி நேர வெயில் கிடைத்தால் ஆறு மணி நேரம் துணி தேய்க்கலாம் என்பது அவருடைய வடிவமைப்பின் கணக்கு. அது சுற்றுச்சூழல் முயற்சிகளுக்கான எர்த்ஷாட் பரிசின் இறுதிச் சுற்று வரை போயிற்று.

மாநாட்டுப் பேச்சு மறுநாள் எங்கள் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றியது. ‘நம்ம மாவட்டத்துப் பொண்ணு’ என்று எல்லோரும் கைதட்டினார்கள். கைதட்டியவர்களில் பெரும்பாலோர் அவர் என்ன பேசினார் என்று கேட்கவில்லை. வெற்று வாக்குறுதி கொடுத்து நிறைவேற்றாத தலைவர்கள்மேல் என் தலைமுறையில் பலருக்கு ஆத்திரம், ஆனால் எனக்கு ஆத்திரப்பட நேரமில்லை, வேலை இருக்கிறது என்கிற பொருளில் அவர் பேசியிருந்தார். பழைய யோசனைகளை விட்டுவிட்டு எங்களோடு வாருங்கள் என்றும் கூப்பிட்டார். அது மேடையில் இருந்தவர்களுக்கு மட்டும் சொன்னதல்ல, எங்களுக்கும்தான். பிள்ளைகள் திட்டும்போது பெருமையாக ஃபார்வர்டு செய்துவிட்டுத் தப்பித்துக்கொள்வது என் வயதுக்காரர்களுக்குக் கைவந்த கலை.

என் வீட்டில் அந்தப் பேச்சு தறியிலிருந்து தொடங்கியது. ஆரணியைச் சுற்றி, ஒண்ணுபுரம், தேவிகாபுரம், இந்தப் பக்கம் போளூர் வரை, பட்டுத்தறிச் சத்தம் கேட்காத தெரு முன்பெல்லாம் குறைவு. ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு. காஞ்சிபுரத்தை விட எடை குறைவு, விலையும் கொஞ்சம் குறைவு, கட்டிக்கொண்டு நாலு வேலை பார்க்கலாம் என்பது இதன் பெயர். எங்கள் வீட்டிலும் குழித்தறி இருந்தது. பெரியம்மா அதில் உட்கார்ந்தே முடி நரைத்தவர். பெரியம்மாவின் பேத்தி சென்னையில் சுற்றுச்சூழல் அறிவியல் படிக்கிறாள். விடுமுறைக்கு வந்தபோது தறியைப் படம் எடுத்து, மின்சாரமே தேவைப்படாத உற்பத்தி, கார்பன் கிட்டத்தட்ட இல்லை, நம் முன்னோர்களின் பசுமை வாழ்வு என்று எழுதி இன்ஸ்டாகிராமில் போட்டாள். யாரோ அதைப் பெரியம்மாவிடம் படித்துக் காட்டிவிட்டார்கள்.

“எம்மா கண்ணு, கரண்டு வேணாத தறின்னு போட்டியாமே. அதுக்குக் கரண்டு யாரு குடுத்தது? இந்த முட்டிதான்” என்று சேலையை விலக்கி முழங்காலைக் காட்டினார் பெரியம்மா.

மறுநாள் காலை பேத்தி ஆசைக்குக் குழியில் இறங்கி உட்கார்ந்தாள். மிதியை மிதித்து, நாடாவை எறிந்து, பலகையை இழுத்து அடிக்க வேண்டும். கால்மணி நேரம் கழித்து எழுந்தபோது இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். பெரியம்மா சிரிக்கவில்லை. ஒரு புடவை இறங்கப் பத்துப் பதினைந்து நாள் ஆகும் என்று மட்டும் சொன்னார்.

முந்தின தலைமுறையைப் பசுமைவாதிகள் ஆக்குவது இப்போது ஒரு வழக்கமாகியிருக்கிறது. அவர்கள் எதையும் வீணாக்கவில்லை என்பது உண்மை. கிழிந்த நூல்சேலை தூளியாகும், தூளி கிழிந்தால் பாத்திரம் பிடிக்கும் துணியாகும். பட்டுச்சேலையில் இரண்டு பாவாடை தைப்பார்கள். ஏரியில் தண்ணீர் வற்றினால் வண்டல் மண்ணை வண்டியில் ஏற்றி நிலத்துக்கு அடிப்பார்கள். நிலமும் வளமாகும், ஏரியும் ஆழமாகும். ஆனால் இதில் பெரும்பகுதியைச் செய்யவைத்தது இல்லாமை. இருக்கிறவர்கள் வீட்டில் அன்றைக்கும் வீணடிப்பு இருந்தது. கல்யாணப் பந்தியில் இலைக்கு வெளியே எறிந்ததை எடுக்க வாசலில் ஆள் காத்திருந்த காலம் அது. அந்தக் காலத்தைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லி யாரும் கேட்கக் கூடாது. சிக்கனத்தை எடுத்துக்கொள்ளலாம், அதற்குக் காரணமான பட்டினியை விட்டுவிடலாம் என்று சொல்வது எளிது. இரண்டையும் பிரித்துக் காட்டிய ஊர் எதையும் நான் இன்னும் பார்க்கவில்லை.

இயற்கைச் சாயம் பற்றியும் இதே மாதிரி ஒரு மயக்கம் இருக்கிறது. பாட்டி காலத்தில் எல்லாம் இயற்கைச் சாயம்தானே என்று பேத்தி கேட்டாள். இல்லை. சோழமண்டலக் கரையில் சிவப்புக்கு இம்பூறல் என்கிற சாயவேரும், நீலத்துக்கு அவுரியும் பேர்போனவை. திண்டிவனம் பக்கம் அவுரி இன்றும் பயிராகிறது. ஆனால் வேர்ச் சிவப்பின் சாரத்தை ஜெர்மானியர்கள் 1868இலேயே செயற்கையாகச் செய்துவிட்டார்கள், 1897இல் செயற்கை நீலமும் கடைக்கு வந்துவிட்டது. பெரியம்மா பிறப்பதற்கு முன்பே இவையெல்லாம் முடிந்த கதை. அவர் கண்டதெல்லாம் டப்பாவில் வந்த பொடிச்சாயம்தான். கேட்டால், “மைசூர்லேருந்து வரும் பட்டு, பம்பாய்லேருந்து வரும் சாயம், சூரத்துலேருந்து வரும் ஜரிகை, நம்மளுது கைகாலு” என்பார்.

எந்தச் சாயமானாலும் தண்ணீர் வேண்டும். இங்கேதான் மூன்று தலைமுறையும் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பட்டுப்பூச்சி கூடு கட்டும்போது இழையோடு ஒரு பசையையும் கக்குகிறது. கச்சாப் பட்டு விறைப்பாக, மங்கலாக இருப்பதற்கு அந்தப் பசை காரணம். சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்கும் தண்ணீரில் வேகவைத்தால் பசை கரையும், இழை பளபளக்கும். எடையில் ஏறத்தாழ கால்பங்கு போய்விடும். ஒரு கிலோ பட்டு உள்ளே போனால் முக்கால் கிலோ வெளியே வரும். மீதிக் கால் கிலோ எங்கே? தண்ணீரில். அது புரதம், அதனால் தேங்கிய இடத்தில் அழுகும். அதோடு சோப்பும் சோடாவும். பிறகு சாய அண்டா. கழியில் பட்டுச் சிட்டங்களை மாட்டி, இரண்டு பக்கமும் ஆள் நின்று, கொதிக்கும் சாயத்தில் முக்கி முக்கித் திருப்புவார்கள். அடியில் விறகு எரியும். நிறம் பிடித்ததும் அலச வேண்டும், திரும்பத் திரும்ப அலச வேண்டும். கல்யாண மாதங்களில் சாயப்பட்டறைப் பக்கத்துச் சாக்கடையைப் பார்த்தே இந்த வருஷம் எந்த நிறத்துக்கு மவுசு என்று சொல்லிவிடலாம். ஒருநாள் அரக்கு, மறுநாள் மயில்கழுத்து.

போன தலைமுறையிலும் இது நடந்தது. பட்டறை சிறியது, தண்ணீர் கிணற்றிலிருந்து கையால் இறைத்தது. இறைப்பதற்குக் கை வலித்ததால் அளவு தானாகக் குறைவாக இருந்தது. அந்தக் கிணறு திறந்த கிணறு. நீர்மட்டம் இறங்கினால் கயிறு போதாது, நிறம் மாறினால் எட்டிப் பார்த்தாலே தெரியும். எங்கள் தலைமுறை ஆழ்துளைக் கிணறு போட்டது. மோட்டார் சுவிட்சுக்கும் தண்ணீருக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாமல் போயிற்று. சவ்வாது மலையிலிருந்து வரும் செய்யாறும் கமண்டல நாகநதியும் வருஷத்தில் பாதி நாள் வெறும் மணல். மேலே தண்ணீர் இல்லாதபோது கீழே இருப்பதை எடுக்கிறோம், எடுத்த இடத்துக்குப் பக்கத்திலேயே கழிவை விடுகிறோம்.

பேத்தி பேனா அளவில் ஒரு டி.டி.எஸ். மீட்டர் வைத்திருக்கிறாள். தெருவின் பின்னால் கைவிட்டுப்போன பழைய கிணற்றிலிருந்து ஒரு வாளி இறைத்து அதில் முக்கினாள். குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியே இல்லாத இடத்தில் 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். கருவி காட்டிய எண் அந்தப் பொறுத்துக்கொள்ளும் எல்லைக்கும் மேலே நின்றது. அவள் அதிர்ந்துபோய் பெரியம்மாவிடம் காட்டினாள். பெரியம்மாவுக்கு எண் புரியவில்லை. ஆனால் விஷயம் புரிந்தது. “இந்தத் தண்ணில பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. நாங்க இத விட்டு இருவது வருஷம் ஆச்சு” என்றார். இரண்டு பேரும் ஒரே தண்ணீரைத்தான் அளந்தார்கள். விட்டு இருபது வருஷம் ஆகியும் ஏன் யாரிடமும் புகார் சொல்லவில்லை என்று பேத்தி கேட்டபோது, இரண்டு வீடு தள்ளிச் சாயப்பட்டறை வைத்திருப்பவர் சொந்தக்காரர் என்று பதில் வந்தது.

தெரியவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. எல்லோருக்கும் தெரியும். ஆனால் சொன்னால் ஒரு குடும்பத்தின் பிழைப்பு கெடும். என் தலைமுறை இந்த வாக்கியத்தைச் சொல்லிச் சொல்லியே ஐம்பது வயதைத் தாண்டிவிட்டது.

பிழைப்பை முன்வைத்துப் பேசாமல் இருந்தால் பிழைப்பாவது மிஞ்சுமா என்பதற்கு இரண்டு பதில்கள் இருக்கின்றன. இரண்டும் தமிழ்நாட்டிலேயே. வேலூர்ப் பக்கத்துத் தோல் பதனிடும் ஆலைகளால் பாலாறு கெட்டது பற்றிய வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கெடுத்தவர்தான் சீர்செய்யும் செலவையும் ஏற்க வேண்டும், ஆபத்து முழுதாக நிரூபணமாகும் வரை காத்திராமல் முன்கூட்டியே தடுக்க வேண்டும் என்ற இரண்டு கொள்கைகளும் இந்தியச் சட்டத்துக்குள் உறுதியாகக் கால் வைத்தது அந்தத் தீர்ப்பில்தான். எங்கள் செய்யாறு போய்ச் சேருவதும் அதே பாலாற்றில். இரண்டாவது திருப்பூர். நொய்யலில் விட்ட சாயக்கழிவு ஒரத்துப்பாளையம் அணையை நிரப்பிற்று. கீழே இருந்த விவசாயிகள் வருஷக்கணக்காக நீதிமன்றம் ஏறி இறங்கினார்கள். கடைசியில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் எழுநூறுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஒரே நாளில் பாதிக்கப்பட்டது முதலாளிகள் மட்டுமல்ல. முதலிலேயே சரியாகச் சுத்திகரிக்காததற்கு அந்த ஊரே விலை கொடுத்தது. பட்டுச் சாயப்பட்டறைகள் திருப்பூரோடு ஒப்பிட்டால் மிகச் சிறியவை. சிறியவை என்பதால்தான் இன்னும் யார் கண்ணிலும் படவில்லை.

சாயத்தைப் பற்றி ஒரு காலத்தில் உலகமே பேசியது. குறிப்பிட்ட வகை அசோ சாயங்கள் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களாகச் சிதையக்கூடியவை என்று ஜெர்மனி 1994இல் தடைச் சட்டம் கொண்டுவந்தது. இந்தியா 1997இல் தடைப் பட்டியலை விரித்தது. உடுத்துகிற ஜெர்மானியரின் தோலுக்கு ஆபத்து என்றதும் சட்டம் வந்துவிட்டது. அதே சாயத்தில் முழங்கை வரை முக்கி எடுத்த சாயக்காரர்களின் தோல் அதற்கு முன் எத்தனையோ வருஷம் இங்கேயேதான் இருந்தது.

சரி, என் தலைமுறையைப் பற்றியும் கொஞ்சம். நாங்கள் மஞ்சப்பையைத் தூக்கிக்கொண்டு கல்லூரிக்குப் போக வெட்கப்பட்டவர்கள். பட்டிக்காட்டான் என்று சொல்லிவிடுவார்களே. கேரி பேக் வந்ததும் நாகரிகம் வந்தது என்று நம்பினோம். 2019 ஜனவரி 1 முதல் தமிழக அரசு ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கைத் தடை செய்தது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ என்று இயக்கம் நடத்தியது. நாங்கள் தொலைத்ததை அரசு செலவில் திரும்ப வாங்கிக் கொடுத்தார்கள். இன்றைய கல்லூரிப் பிள்ளைகள் அதை ஃபேஷனாக மாட்டிக்கொண்டு போகிறார்கள். வெட்கம் அவர்களுக்கு இல்லை, ஏனென்றால் பட்டிக்காட்டான் என்ற வசவை அவர்கள் வாங்கியதில்லை.

தறியிலிருந்து எங்கள் அப்பாக்களைப் போல் முட்டி தேயாமல் தப்பிக்க நினைத்ததும் எங்கள் தலைமுறைதான். பாதிப் பேர் விசைத்தறி பக்கம் போனோம், மீதிப் பேர் பிள்ளைகளை இன்ஜினியரிங்கில் சேர்த்தோம். 1985இல் வந்த கைத்தறி இட ஒதுக்கீட்டுச் சட்டப்படி கரை வைத்த பட்டுப்புடவை கைத்தறியில்தான் நெய்யப்பட வேண்டும். சட்டம் காகிதத்தில் இருக்கிறது, விசைத்தறியில் நெய்த பட்டு கடையில் இருக்கிறது. அரசும் இரண்டு பக்கமும் தலையாட்டுகிறது. 2023இல் கைத்தறி நெசவாளருக்கு இலவச மின்சாரம் இரண்டு மாதத்துக்கு 300 யூனிட்டாக உயர்ந்தது, விசைத்தறிக்கு 1000 யூனிட்டாக. நெசவாளருக்குக் கொடுப்பதை நான் குறை சொல்லவில்லை. கை நெய்த புடவையும் கரண்ட் நெய்த புடவையும் ஒரே கடையில் ஒரே பெயரில் விற்கிறது என்பதுதான் என் வருத்தம்.

ஜரிகையில் நாங்கள் செய்தது இன்னும் மோசம். அசல் ஜரிகை என்பது சிவப்புச் சாயமிட்ட பட்டு நூல்மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றி, அதன்மேல் தங்க முலாம் ஏற்றியது. அந்தப் புடவை ஐம்பது வருஷம் கழித்துக் கிழிந்தாலும் மதிப்புப் போகாது. “பழைய பட்டுப்புடவை இருக்குதா” என்று தெருவில் வருபவர், முந்தியிலிருந்து ஒரு ஜரிகை இழையை உருவி நகத்தால் கீறுவார். உள்ளே சிவப்பு நூல் தெரிந்தால் தராசை எடுப்பார். வாங்கிய புடவைகள் எரிக்கப்பட்டு, சாம்பலிலிருந்து வெள்ளி உருக்கி எடுக்கப்படும். அந்த வெள்ளி திரும்பக் கொலுசாகவோ ஜரிகையாகவோ வரும். பெரியம்மாவின் கல்யாணப் புடவை அப்படித்தான் என் அக்காவின் காலேஜ் ஃபீஸ் ஆயிற்று.

விலை கட்டவில்லை என்று டெஸ்டட் ஜரிகைக்கு மாறினோம். அது செம்புக் கம்பியில் வெள்ளி முலாம். அதையும் விட மலிவாக, பாலியெஸ்டர் தகட்டை நறுக்கிச் சுற்றிய ஜரிகை வந்தது. கீறினால் வெள்ளை நூல். பழைய புடவைக்காரர் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். எரித்தால் பிளாஸ்டிக் நாற்றம், புதைத்தால் மக்காது, தூளிக்கும் ஆகாது. என் மகள் வயதுப் பெண்கள் கல்யாணத்துக்கு ஒருமுறை கட்டி, படம் எடுத்து, பீரோவில் வைக்கிற புடவைகளில் பெரும்பகுதி இந்த ரகம். கார்பன் கணக்குப் பேசும் பிள்ளைகள் தங்கள் பீரோவுக்குள் இருக்கும் பிளாஸ்டிக்கைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அதை விற்றவர்கள் நாங்கள் என்பதால் சொல்லவும் எங்களுக்கு வாய் வருவதில்லை.

பேத்தி கேட்ட இன்னொரு கேள்வி புழுவைப் பற்றியது. கூட்டோடு வேகவைத்துக் கொல்லும் துணியை எப்படி உடுத்துகிறீர்கள்? இது புதுத் தலைமுறையின் கேள்வி என்று நினைத்தால் தப்பு. காஞ்சி சந்திரசேகரேந்திர சரஸ்வதி இதே காரணத்துக்காகப் பட்டு வேண்டாம் என்று சொல்லிவந்தார். அப்போதைய குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமனின் மனைவி ஜானகி, புழுவைக் கொல்லாமல் பட்டுப்புடவை கிடைக்காதா என்று கேட்டதிலிருந்துதான், ஆந்திரக் கைத்தறித் துறையில் இருந்த குசும ராஜையா அஹிம்சைப் பட்டு முயற்சியைத் தொடங்கினார். அந்தப் பெரியவர்களும் இந்தப் பேத்தியும் ஒரே கட்சி. நடுவில் இருந்த நாங்கள்தான் கேட்கவில்லை. அவளிடம் இன்னொன்றும் இருந்தது. பட்டு இயற்கை இழை, ஆகவே சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும்போது, இந்தியப் பட்டின் உற்பத்தியை முதலிலிருந்து கடைசி வரை கணக்கிட்ட 2014ஆம் ஆண்டின் ஆய்வு ஒன்று, மல்பெரிக்குப் போடும் உரத்தையும் கூடு வேகவைக்கும் விறகையும் சேர்த்தால் ஒரு கிலோ பட்டுக்கு ஆகும் சுமை மற்ற பல இழைகளை விட அதிகம் என்று காட்டியிருக்கிறது. எனக்கு இது கசந்தது. ஆனால் ஒரு புடவையை ஐம்பது வருஷம் கட்டினால் அந்தச் சுமை ஐம்பதாகப் பிரியும், ஒருநாள் கட்டினால் மொத்தமும் அந்த ஒரு நாளின்மேல் விழும். பெரியம்மாவின் கணக்கு இந்த இடத்தில் ஆய்வாளரின் கணக்கோடு சேர்ந்துவிடுகிறது.

நீடித்த வளர்ச்சி என்பது வருங்காலத் தலைமுறையின் தேவைக்குக் குந்தகம் வராமல் இன்றைய தேவையை நிறைவேற்றுவது என்று ஐ.நா. அமைத்த புருண்ட்லாண்ட் குழு 1987இல் எழுதிவைத்தது. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. அந்த வாக்கியத்தில் வருங்காலத் தலைமுறை எங்கோ இருக்கிறது. போளூரில் அது டி.டி.எஸ். மீட்டரோடு கிணற்றடியில் நிற்கிறது, முந்தின தலைமுறை முட்டிவலித் தைலத்தோடு திண்ணையில் உட்கார்ந்திருக்கிறது. இரண்டு பேருக்கும் பதில் சொல்ல வேண்டியவர்கள் ஊரில் பணமும் ஓட்டும் சங்கப் பதவியும் கையில் வைத்திருக்கிற நாங்கள். முதலில் செய்ய வேண்டியது சாயப்பட்டறைகளை ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையம் கட்டுவது. அதைத் தனியாகச் செய்யச் சாயக்காரருக்கு வசதி கிடையாது. கூலியை உயர்த்தாமல் அவரிடம் சட்டம் பேசுவது அயோக்கியத்தனம். செலவைப் பட்டு முதலாளியும் அரசும் புடவை உடுத்துகிறவர்களும் ஏற்க வேண்டும். ஒரு புடவைக்குச் சில நூறு ரூபாய் கூடினால் பட்டு விற்காமல் போய்விடாது. கல்யாணத்தில் பூ அலங்காரத்துக்கு நாம் கொடுப்பதை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

2004இல் வந்த சில்க் மார்க் முத்திரை பட்டு அசலா என்பதை மட்டும் சொல்லும். ஜரிகைக்குள் என்ன நூல், சாயத்தண்ணீர் எங்கே போயிற்று, நெய்தது கையா கரண்டா என்று சொல்லும் முத்திரை அது இல்லை. ஆகவே வாயால்தான் கேட்க வேண்டும். தை முகூர்த்தத்துக்குப் புடவை எடுக்க ஆரணிக்கோ காஞ்சிபுரத்துக்கோ போகிறவர்கள், விலை பேசுவதற்கு முன்னால் இந்த மூன்றையும் கடைக்காரரிடம் கேளுங்கள். கேட்கிற ஆள் கூடினால் அவர் முதலாளியைக் கேட்பார், முதலாளி சாயக்காரரைக் கேட்பார். வீட்டுப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். நமக்குக் கேட்கக் கூச்சமாக இருப்பதை அவர்கள் கேட்டுவிடுவார்கள்.